கரண்டியரும் அகப்படாத சொல்லும்

திருகோணமலைத் துறைமுகத்தில் கரண்டியர் அளவுக்குச் சட்டத்தை மதித்த மனிதர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை. பின்னும் இருக்கப் போவதில்லை. சட்டத்தைக் காப்பதற்கென்று சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் அளவுக்குத் தொல்லை கொடுத்தவரும் வேறு எவரும் இல்லை. இவ்விரண்டும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை.

அவரைப் பற்றி ஊரில் உலவும் கதைகள் ஏராளம். கோட்டைக்குக் கீழே அவர் எறிந்த கரண்டி ஒரு போர்க்கப்பலின் நங்கூரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டதென்றும், அவர் இழுத்த இழுவையில் கப்பல் அரை மைல் தூரம் திரும்பிவிட்டதென்றும் ஒருவர் சொல்லுவார். ஒரு சுறா அவரது கரண்டியை அறுத்துக்கொண்டு போய், மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து துப்பிவிட்டுப் போனதென்று இன்னொருவர் சொல்லுவார். இவை அழகான கதைகள். ஆயினும் முதற்கதைக்குச் சாட்சி ஒருவரே. அவரும் பொழுது சாய்ந்த பிறகுதான் அதைச் சொல்லுவார். இரண்டாவது கதையின் சாட்சி சுறா. எனவே இரண்டையும் விலக்கினேன். நான் கண்ணால் கண்டவற்றையும், ஒருவரையொருவர் அறியாத இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். கரண்டியரைப் பற்றி எழுதும்போது பொய் கலப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அவர் தம் வாழ்நாளில் பொய் சொன்னது மீன்களிடம் மட்டுமே.

எழுபதுகளின் தொடக்கத்தில் துறைமுகக் கரையிலிருந்த ஒரு சிறிய அரச அலுவலகத்தில் நான் எழுதுவினைஞனாக இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. மீன்பிடி பற்றியும் இறங்குதுறை பற்றியும் ஆங்கிலத்தில் வரும் கட்டளைகளைத் தமிழாக்குவது என் வேலை. கரண்டியர் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே மண்ணெண்ணெய் அடுப்புத் திருத்தும் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னர், வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகும்வரை, கப்பல் திருத்தும் தளத்தில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தவர். கப்பல்களின் வயிற்றுக்குள்ளே இருபது ஆண்டுகள் வேலை செய்த அம்மனிதருக்கு மிதக்கும் எதுவும் ஆகாது. கரையில் கட்டியிருக்கும் வள்ளத்தில் ஒரு கால் வைத்தாலே தலைசுற்றி வாந்தி எடுத்துவிடுவார். மூதூருக்கு லோஞ்சு என்னும் இயந்திரப் படகில் போகவேண்டி வந்தபோது, ஆறு கடக்கும் மிதவைப் பாதைகளையும் தோணித்துறைகளையும் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு, இரண்டு நாள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். அவர் மீன் பிடிக்கக்கூடிய இடம் உலகத்திலே ஒன்றுதான் இருந்தது: எங்கள் பயணிகள் இறங்குதுறையின் தெற்கு மூலை. அலைதாங்கும் கற்களும் ஆழமான நீரும் அங்கேதான் ஒருங்கே அமைந்திருந்தன. இதை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

தூண்டிலில் இறாலையோ கணவாயையோ கொளுவி மீன் பிடிப்பதை அவர் இழிவாகக் கருதினார். “பசிச்சவனுக்குச் சோத்தைக் காட்டிக் கழுத்தைப் பிடிக்கிறது ஒரு வீரமோ?” என்பார். அவர் பயன்படுத்தியது கரண்டி. உணவு மேசைக் கரண்டியின் பிடியை அறுத்தெறிந்துவிட்டு, குழிந்த பகுதியின் இரு முனையிலும் துளையிட்டு, ஒரு துளையில் தங்கூசி என்னும் நைலோன் நூலையும் மறு துளையில் மூன்று முள்ளுத் தூண்டிலையும் கட்டுவார். நூலைப் போத்தலில் சுற்றி வைத்து, கரண்டியைத் தலைக்கு மேலே மூன்று முறை சுழற்றி எறிந்து, கிடுகிடுவென்று இழுப்பார். நீருக்குள் அது காயப்பட்ட கீரிமீனைப் போல மினுங்கித் தள்ளாடி வரும். பாரை பாய்ந்து கவ்வும்.

கடையில் விற்கும் வெளிநாட்டுப் பொய்மீன்களை அவர் முன்பு வாங்கியதுண்டோ என்று கேட்டிருக்கிறேன். அப்போது இறக்குமதி நின்று போயிருந்த காலம்; தூண்டில்முள் ஒன்றை வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்க வேண்டும். “அதுகள் மரக்கட்டையில மீன்மாதிரிக் கண்ணும் செதிலும் கீறி வைச்சிருக்கிறாங்கள், தம்பி. மீன் படம் பாக்க வாறதில்லை. ஆட்டம் பாக்க வருது,” என்றார்.

ஆட்டம் என்பதுதான் அவரது சாத்திரத்தின் அடிப்படை. கரண்டிகளை அவர், அவற்றுக்கு அகப்படும் மீனின் பெயரால், பாரைக் கரண்டி, சீலாக் கரண்டி, கட்டாக் கரண்டி என்று மூன்றாக வகுத்திருந்தார். குழிவின் ஆழம், கனம், உலோகம் ஆகியவை ஒருபுறமிருக்க, அந்தக் கரண்டி எந்த வீட்டில் புழங்கியது என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். “சண்டை பிடிக்கிற வீட்டுக் கரண்டிதான் தண்ணிக்குள்ள வடிவா ஆடும்,” என்பது அவரது உறுதியான முடிவு. கரண்டி மேசையில் ஓங்கி வைக்கப்படுகிறது, எறியப்படுகிறது, நசிகிறது. அந்த நசிவுதான் ஆட்டத்தைக் கொடுக்கிறது என்பது அதன் விளக்கம். இயந்திரவியலின்படி இதில் பிழையில்லை என்று ஒரு பொறியியலாளரும் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

இந்தச் சாத்திரம் ஊரில் பரவிய பிறகு நேர்ந்த குழப்பத்துக்கு அளவில்லை. அவர் அடுப்புத் திருத்தப் போன வீட்டில் ஒரு கரண்டியைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தாரென்றால் அக்குடும்பத்தின் மானம் போயிற்று. அவரைக் கண்டதும் பெண்கள் கரண்டிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதேவேளை, ஒரு வீட்டுக்கு நாலு தடவை வந்தும் அவர் ஒரு கரண்டியையும் பாராமல் போனாரென்று, “அப்ப எங்கட வீட்டில உப்புச் சப்பில்லை எண்டோ சொல்லுறீங்கள்?” என்று கோபித்துக்கொண்ட ஓர் அம்மையாரும் உண்டு.

எங்கள் வீட்டுக்கும் அந்த நாள் வந்தது. திருமணத்துக்குப் பரிசாக வந்த, வெள்ளி பூசிய பித்தளைக் கரண்டிகள் ஆறு எங்களிடம் இருந்தன. அடுப்பைத் திருத்தி முடித்த கரண்டியர் தேநீரைக் குடித்தார், கரண்டியைத் துடைத்தார், அதன் முதுகிலிருந்த சிறிய நசிவைப் பெருவிரலால் தடவினார்.

“தங்கச்சி, கூலி வேண்டாம். இந்தக் கரண்டியைத் தருவீங்களோ?”

என் மனைவியின் முகம் சிவந்தது. “எங்கட வீட்டில ஆரண்ணை சண்டை பிடிக்கிறது?”

“நான் ஒண்டும் கதைக்கேல்லை, பிள்ளை. கரண்டிதான் கதைக்குது.”

கொடுக்காவிட்டால் ஒளிப்பதாகிவிடும் என்று கொடுத்துவிட்டாள். அவர் வாசற்படலையைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். “நீங்கள்தான் கந்தோரில போய் வாய் விட்டிருக்கிறியள்!” என்றாள். அலுவலகத்தில் நான் வாய் திறந்ததேயில்லை என்று மறுத்தேன். அந்த மறுப்பு அன்று மாலை விளக்கேற்றும்வரை நீடித்தது. மறு வெள்ளிக்கிழமை கரண்டியர் அலுவலகத்துக்கு வந்து, “தம்பி, உங்கட கரண்டிக்கு முதல் எறியிலயே பாரை. அப்பிடியொரு ஆட்டம்! வீட்டில சொல்லுங்கோ,” என்றார். நான் சொல்லவில்லை.

இனி அவரது சட்டப் பற்று. எங்கள் அலுவலகம் ஒட்டும் ஒவ்வோர் அறிவித்தலையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தவர் துறைமுகத்தில் அவர் ஒருவரே. எழுதிய நானே கடைசி வரியைச் சில வேளைகளில் மறந்திருக்கிறேன். பிடித்த மீனை முதலில் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளப்பார். குறைந்தால், “வளர்ந்து வாரும்,” என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி விடுவார்.

ஒருநாள் கற்களுக்கிடையே போன அவரது கரண்டி ஒரு சிங்க இறாலின் காலில் மாட்டிவிட்டது. அதன் வயிற்றில் சினையைப் போல ஏதோ ஒட்டியிருந்தது. சினையோடு இருப்பதைப் பிடிக்கலாகாது என்பது அறிவித்தல். அதன் அடியில், ‘ஐயமிருப்பின் அலுவலகத்தில் வினவுக’ என்று நான் எழுதியிருந்தேன். வேறெவரும் அந்த வரியை நம்பியதில்லை. கரண்டியர் வாளி நிறையக் கடல்நீரும் அதற்குள் சிங்க இறாலுமாக வந்து என் மேசைமேல் வைத்தார்.

“ஐயமாக் கிடக்குது, தம்பி. அதுதான் வினவ வந்தனான்.”

சினையா, சேறா என்று தீர்ப்பதற்கு எங்களில் எவருக்கும் தகுதியில்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்பதென்று முடிவாயிற்று. கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தபோது சிங்க இறால் வாளியிலிருந்து ஏறி, கோப்பு அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. அதை வெளியே எடுப்பதற்கு அரை நாளும் ஒரு குடையும் தேவைப்பட்டன. அன்றே அவர் அதைக் கடலில் விட்டுவிட்டார். கொழும்பிலிருந்து பதில் வந்தது பல மாதங்களுக்குப் பிறகு: ‘விடுவிக்கப்படலாம்.’ அதைக் கரண்டியரிடம் கொடுத்தேன். அவர் இறங்குதுறையின் மூலைக்குப் போய், கடலைப் பார்த்து அதை உரத்து வாசித்தார். ஏனென்று கேட்டேன். “அவவுக்கும் தெரியவேணுமெல்லே,” என்றார்.

இத்தகைய மனிதருக்கு என் கையாலேயே இடர் வந்தது.

இறங்குதுறையில் இரைமீனை அரிந்து தூண்டிலில் கொளுவுவோர் பெருகிவிட்டார்கள். குடலும் செதிலும் பலகைகளில் வழுக்கின. மூதூரிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வந்த ஒரு முஸ்லிம் நானா வழுக்கி விழுந்து, வெற்றிலை முழுவதும் கடலில் மிதந்தது. “நான் என்ன, கடலுக்கோ வெத்தில வெச்சு அழைக்க வந்தன்?” என்று அவர் எங்கள் அலுவலக வாசலில் நின்று கத்தினார். விரைவில் மேலிடத்துக் கட்டளை வந்தது. அதன் ஆங்கில மூலத்தில், இறங்குதுறையில் எவற்றால் மீன் பிடிக்கக்கூடாது என்பதற்கு இரண்டு சொற்கள் ‘அல்லது’ போட்டு நின்றன. ஒன்று, மீன் தின்னும் பொருளைக் குறிப்பது. மற்றது, தின்னும் பொருளைப் போல நடித்து ஏமாற்றும் பொருளைக் குறிப்பது.

முதற்சொல்லுக்கு ‘இரை’ என்று எழுதினேன். இரண்டாவதற்குச் சொல் அகப்படவில்லை. அகப்பட்டவை எல்லாம் நீளமாகவும் விகாரமாகவும் இருந்தன. இரண்டு நாள் யோசித்து, எல்லாமே ஒருவகையில் இரைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இப்படி முடித்தேன்: ‘இறங்குதுறையில் நின்று இரையிட்டு மீன் பிடித்தல் ஆகாது.’ ஆறே சொற்கள். பலகையில் வெள்ளை எழுத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. சிங்களப் பலகையை வேறொருவர் எழுதினார். அதைப் பற்றிப் பேச நான் தகுதியற்றவன்.

இரை போடுவோர் கலைந்து போனார்கள். கரண்டியர் மட்டும் பலகைக்கு நேர் கீழே நின்று கரண்டி எறிந்தார். எறியுமுன் ஒவ்வொரு நாளும் பலகையை ஒருமுறை வாசிப்பார். “நல்ல தமிழ், தம்பி. சுத்தமா விளங்குது,” என்று என்னைப் பாராட்டியும் விட்டார்.

பிறகு தொப்பி வந்தது. மூதூர் லோஞ்சு கரை தொடும் வேளையில் அவர் சுழற்றிய கரண்டி, சுக்கான் பிடித்து நின்றவரின் தொப்பியைக் கொளுவிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தது. கரண்டியர் பழக்க தோஷத்தால் அடிமட்டத்தை எடுத்து அளந்தார். பட்டியலில் இல்லாத எதுவும் வலையிலோ தூண்டிலிலோ பட்டால் பட்ட இடத்திலேயே விடப்பட வேண்டும் என்பதும் எங்கள் அறிவித்தல்தான். தொப்பி பட்டியலில் இல்லை. அவர் அதைக் கடலில் விட்டார்.

“டேய், அது என்ர தொப்பி!” என்று லோஞ்சிலிருந்து குரல் வந்தது.

“ஓம் அண்ணை, பிழையாப் பட்டுப்போச்சு. அதுதான் விட்டனான்!”

முறைப்பாடு வந்தது. அப்போதுதான் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் இளைஞர், சுறுசுறுப்பானவர், காற்சட்டையின் மடிப்பில் விரல் வெட்டலாம். அவர் போய்க் கரண்டியரின் பெட்டியைப் பறிமுதல் செய்துவிட்டார். பெட்டிக்குள் முப்பத்தெட்டுக் கரண்டிகள் இருந்தன. பறிமுதல் தாளில் ‘பெயர்’ என்ற இடத்தில் ‘கரண்டியர்’ என்றே எழுதியிருந்தார். குற்றம் நிறுவப்பட்டால் பெட்டி திரும்பாது. ஆள் இனி இறங்குதுறையில் கால் வைக்க ஏலாது. வள்ளத்தில் ஏற முடியாத மனிதருக்கு இறங்குதுறை இல்லையென்றால் கடலே இல்லை.

விசாரணை எங்கள் தலைமை அதிகாரியின் அறையில் நடந்தது. பெரிய ஐயா என்று நாங்கள் அழைத்த அவர் ஓய்வுபெறும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தவர். நான் ஆங்கிலக் கோப்போடு ஒரு கதிரையில் இருந்தேன். கரண்டியர் சலவை செய்த வேட்டியோடு வந்து நின்றார்.

“சேர், இவர் பலகைக்குக் கீழேயே நிண்டு மீன் பிடிக்கிறார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “கேக்கப் போனா, பலகையை எனக்கு வாசிச்சுக் காட்டுறார்!”

“நீர் இரை போட்டனீரோ?” என்று பெரிய ஐயா கேட்டார்.

“இல்லை ஐயா. கரண்டி போட்டனான்.”

“அதுவும் இரைதானே, ஐசே?” இது இன்ஸ்பெக்டர்.

“இரை எண்டா தின்னுறது, ஐயா. கரண்டி தின்னுற சாமானோ?”

“மீன் வந்து கவ்வுதெல்லோ?”

“கவ்வுது. தின்னலாம் எண்டு நினைச்சுக் கவ்வுது. அது நினைக்கிறதுக்கு நான் எப்பிடிப் பொறுப்பு? சட்டம் மீனுக்குப் போட்டதோ, மனிசருக்குப் போட்டதோ?”

அந்த நேரம் பார்த்துப் பியோன் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய ஐயா கரண்டியை எடுத்துக் கலக்கத் தொடங்கினார். கரண்டியர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கேக்கிறன் எண்டு கோவிக்கப்படாது. இப்ப நீங்கள் தேத்தண்ணி கலக்கிறது இரையாலயோ?”

பெரிய ஐயா கரண்டியை வெளியே எடுத்து, அதை முதன்முறையாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். பியோன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

“நல்ல சீலாக் கரண்டி ஐயா,” என்று கரண்டியர் தாழ்ந்த குரலில் சொன்னார். “சீனிக்குள்ள கிடந்து வீணாப் போகுது.”

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். “சேர், இது விளையாட்டு இல்லை. மூலத்தில என்ன கிடக்குதெண்டு பாப்பம். தமிழ்ப் பலகை எழுதினவர் இஞ்சதானே இருக்கிறார்?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கோப்பு என் மடியில் இருந்தது. அதை நான் திறக்காவிட்டால் வேறெவரும் திறக்கப் போவதில்லை; பழைய கோப்புகளில் இருந்த தூசி அப்படிப்பட்டது. “ஒரு சொல்தான்” என்று சொல்லிவிட்டால் கரண்டியர் தப்பினார். என் ஆறு சொற்களும் தப்பின. கோப்பைத் திறந்தேன்.

“இரண்டு சொல் இருக்குது, சேர்,” என்றேன். “இரை ஒண்டு. இரைமாதிரி நடிக்கிறது மற்றது. மற்றதை நான் விட்டிட்டன். பிழை என்ர.”

இன்ஸ்பெக்டர் முகத்தில் வெற்றி. நான் கரண்டியரைப் பார்க்கத் துணியவில்லை. ஆனால் அவர் பேசினார்.

“இரண்டு சொல்லோ? அப்ப நான்தான் பிழை செய்திட்டன், ஐயா. தெரியாமச் செய்தாலும் பிழை பிழைதான். பெட்டியை வைச்சிருங்கோ.” பின்பு சட்டைப்பையில் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு கரண்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது பெட்டிக்குள்ள இருக்கேல்லை. இதையும் சேர்த்து எழுதுங்கோ.”

அதன் முதுகில் ஒரு சிறிய நசிவு இருந்தது.

வாசல்வரை போனவர் திரும்பினார். “தம்பி, அந்த மற்றச் சொல்லு என்ன? தெரிஞ்சா இனிக் கவனமா இருக்கலாம்.”

“அதுக்குத் தமிழில சொல் அகப்படேல்லை, அண்ணை.”

அவர் வாசலிலிருந்து மேசையருகே திரும்பி வந்தார். குறும்பு ஏதும் அவர் முகத்தில் இல்லை. நேர்மையான குழப்பம்தான் இருந்தது.

“சொல்லில்லாத ஒண்டை, ஐயா, நான் எப்பிடிச் செய்யாம விடுறது?”

பெரிய ஐயாவின் கரண்டி நின்றது. முதலில் அவர் வயிறு குலுங்கியது; பிறகு தோள்கள்; பிறகு மேசை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “இன்ஸ்பெக்டர், பெட்டியைக் குடும். பலகையில உள்ளதுதான் சனத்துக்குச் சட்டம். தம்பி, நீர் அந்தச் சொல்லைக் கண்டுபிடிச்சு எழுதித் தாரும். புதுப் பலகை போடுவம். அதுவரைக்கும் பழைய பலகைதான். லோஞ்சு நிக்கேக்க மட்டும் எறியாதையும், ஐசே. சுக்கான்காரனுக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடும்.”

கரண்டியர் தொப்பி வாங்கிக் கொடுத்தார். தலையை அடிமட்டத்தால் அளந்த பிறகே வாங்கினார்.

சொல் எனக்கு ஒரு வாரத்திலேயே கிடைத்தது. சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, எவ்வித முயற்சியுமின்றி, தானாகவே வந்து நின்றது: பொய்யிரை. இரண்டு எளிய சொற்கள். இடையில் ஒரு யகரம் இரட்டித்துப் பொருந்திய அழகு. படிப்பில்லாதவருக்கும் கேட்டவுடன் விளங்கும். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்க முடியாது. சைக்கிளை நிறுத்தி, துண்டுத் தாளில் எழுதி, அலுவலகம் போய், மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மாதாமாதம் பெரிய ஐயாவின் குறிப்பு வரும்: ‘சொல்?’ நான் எழுதுவேன்: ‘ஆராயப்படுகிறது.’ அவர் வட்டமிட்ட நாள் வந்து, ஓய்வுபெற்றுப் போனார். அவருக்குப் பின் வந்தவரும் கேட்டார். அவருக்கும் அதே பதில். இன்ஸ்பெக்டர் தாமே சில சொற்களோடு வந்தார். ‘கள்ள இரை’ என்றார். களவுகொண்ட இரை என்று பொருள்படும் என்றேன். ‘டூப்பிளிக்கேட் இரை’ என்றார். அதில் பாதி தமிழே இல்லை என்றேன். ஒருநாள் பொறுமையிழந்து, “என்ன ஐசே, உம்மட தமிழ் அவ்வளவு வறட்டுப் பாசையோ? ஒரு சின்னச் சாமானுக்குச் சொல்லில்லையே?” என்றார்.

“இல்லை,” என்றேன்.

தமிழில் இல்லாத பொருள் இல்லை என்று தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். அந்த வாயால் மூன்று ஆண்டுகள், ஏறக்குறைய வாரத்துக்கொருமுறை, தமிழில் சொல் இல்லை என்று சொன்னேன்.

கரண்டியர் வெள்ளிக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு என் சாளரத்தருகே வருவார்.

“தம்பி, சொல்லுக் கிடைச்சுதோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“அவசரமில்லை. வடிவாத் தேடுங்கோ. ஓடிப்பிடிச்சுப் பிழையான சொல்லைப் போட்டிடப்படாது.”

“அது பெரிய பொறுப்பு, அண்ணை.”

“ஓம், ஓம். பெரிய பொறுப்பு.”

பின்பு தெற்கு மூலைக்குப் போய், பலகையை வாசித்துவிட்டு, எறியத் தொடங்குவார். அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு மீன்தானும் அவர் எனக்குத் தந்ததில்லை. என் கண்முன்னே பெரிய பாரைகளை அயலவருக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு மாத்திரம், “தம்பி கந்தோர் ஆள். குடுத்தா லஞ்சம்,” என்று விலக்கு. என் மனைவிக்கு இது பெருங்குறை. “எங்கட கரண்டியாலதான் பிடிக்கிறார். குழம்புக்கு ஒரு துண்டு இல்லை!” என்பாள்.

பிறகு எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. இழுப்பறையைக் காலி செய்தபோது துண்டுத் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பின் வருபவர் அவராகத் தேடிக்கொள்ளட்டும் என்று எண்ணினேன். கையெழுத்திட்டு வெளியே வந்தபோது கரண்டியர் வாசலில் நின்றார். கையில் தேக்கிலையில் சுற்றிய பாரை ஒன்று. சிறிய காகிதப் பொட்டலம் ஒன்று.

“கையெழுத்து வைச்சிட்டியளோ?”

“வைச்சாச்சு.”

“அப்ப நீங்கள் இனி இந்தக் கந்தோர் ஆள் இல்லை. இது லஞ்சமில்லை,” என்று இரண்டையும் தந்தார். “அளவு பாத்தனான். சரி.”

“அண்ணை, அந்தச் சொல்லு…” என்று தொடங்கினேன்.

“கிடைக்கேல்லைத்தானே?” என்றார் விரைவாக. “கிடைக்காததை என்ன செய்யிறது? நீங்கள் கனக்க முயற்சி செய்தியள். எனக்குத் தெரியும்.” அதோடு திரும்பிக் கடைப்பக்கம் போய்விட்டார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தவள் என் மனைவி. உள்ளே எங்கள் ஆறாவது கரண்டி இருந்தது. பிடியில்லை, தூண்டில்முள் கழற்றப்பட்டிருந்தது, இரு துளைகள் மட்டும்.

“ஓட்டைக் கரண்டியை வைச்சு நான் என்ன செய்யிறது?” என்றாள். பிறகு, “இஞ்ச பாருங்கோ, உள்ளுக்கு என்னவோ கீறிக் கிடக்குது,” என்றாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழிந்த பக்கத்தில், ஆணி முனையால், கோணல் எழுத்தில் இரண்டு சொற்கள் கீறப்பட்டிருந்தன: பொய் இரை.

இனி, நான் அறியாதவை. கரண்டியரின் இயற்பெயர் தெரியாது. நான் போன பின்பு புதுப் பலகை வந்ததா, அவர் எவ்வளவு காலம் தெற்கு மூலையில் நின்றார் என்பதும் தெரியாது. கேட்ட இருவரின் விடைகள் ஒத்துப்போகவில்லை. அந்த எழுத்துகளை அவர் எப்போது கீறினார் என்பது தெரியாது. வெள்ளிப் பூச்சைத் தாண்டிப் பித்தளைவரை இறங்கிய அந்தக் கீறல்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. களிம்பு ஒரு நாளில் ஏறுவதில்லை. ஆனால் உப்புக் காற்றில் அதற்கு ஒரு மாதம் போதுமா, மூன்று ஆண்டுகள் வேண்டுமா என்பதை எனக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவர் எவரும் அகப்படவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சாளரத்தருகே சொல்லை ஒளித்தவன் நான் ஒருவனா, நாங்கள் இருவருமா என்பதும் தெரியாது.

கரண்டி மற்ற ஐந்தோடும் அலுமாரியில் இருக்கிறது. ‘பொய்’யும் ‘இரை’யும் சேர்த்து எழுதப்பட வேண்டியவை. பிறர் எழுத்தில் நான் கண்டும் திருத்தாமல் விட்ட ஒரே சந்திப்பிழை அதுதான்.